சார்லி பேட்டன்: வரிகள் பிடிபடாததற்குக் காரணம் இசைத்தட்டா, வாயா?

நெல்லிக்காய்:
அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுவகையான ப்ளூஸில், ராபர்ட் ஜான்சன் பாடினால் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் காதில் விழுகிறது. அவருக்கு ஏழு வருடம் முன்னால், 1929-ல் பதிவான சார்லி பேட்டனிடம் பாதிகூடத் தேறவில்லை. ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ வெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்பது தலைப்பைப் பார்த்ததால்தான் தெரிகிறது. ‘டெல்டா ப்ளூஸின் தந்தை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். குறை இசைத்தட்டிலா, அவர் வாயிலா, நம் காதிலா? இதைக் கிதாரில் வாசித்துப் பழக எங்கே தொடங்குவது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுபத்தெட்டு:
முதல் குற்றவாளி தட்டுதான். பேட்டனை வெளியிட்டது பாரமவுண்ட் ரெக்கார்ட்ஸ். சினிமா நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட் வாஷிங்டன் ஊரில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டி செய்து விற்றார்கள், பெட்டி விற்கத் தட்டு வேண்டும் என்று தட்டும் போட்டார்கள். இசை அவர்களுக்குப் பக்க வியாபாரம். தட்டு அச்சானது பக்கத்து ஊரான கிராஃப்டனில்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத் தட்டில் அரக்கு என்பது ஒட்டும் பசை மட்டுமே. மீதியில் பெரும்பங்கு கல்பொடி, கருமைக்குக் கரித்தூள். கல்பொடி வேண்டுமென்றே போடுவது. கனமான எஃகு ஊசியை முதல் சில சுற்றிலேயே தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரக்கைக் குறைத்துப் பொடியைக் கூட்டினால் செலவு மிச்சம், ஆனால் ‘கரகர’ கூடும். பாரமவுண்ட் தட்டுக்குப் புது நிலையிலேயே அந்தக் கெட்ட பெயர் இருந்தது.

அதோடு ஊசி விவகாரம். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். கூலிக்காரர் வீட்டில் யார் மாற்றுவார்கள்? ஒரே ஊசியில் நூறு தடவை ஓடிய தட்டுதான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. விற்காத பாட்டு புத்தம் புதிதாகக் கிடைக்கும், ஊரே விரும்பிக் கேட்ட பாட்டு சல்லடையாகத்தான் கிடைக்கும்.

1932-ல் கம்பெனி ஒலிப்பதிவை நிறுத்தியது. தட்டு அச்சடிக்கும் உலோக மூலங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. எனவே இன்று நாம் கேட்கும் பாரமவுண்ட் பாட்டு எல்லாமே யாரோ வீட்டில் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தது. ஜான்சன் பதிவானது வேறு நிறுவனத்தில், தட்டும் நல்ல தட்டு. இருவரையும் ஒப்பிடுமுன் இதைக் கழித்துவிட வேண்டும்.

கேட்கும் முறை: இரைச்சலைத் துடைத்தெடுத்த ‘சுத்தமான’ பதிப்பைத் தவிர்க்கவும். ச, ட, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. தட்டின் இரைச்சலும் அங்கேதான். இரைச்சலை வழித்தால் மெய்யெழுத்தும் சேர்ந்து போய், உயிரெழுத்து மட்டும் கொழகொழவென்று மிஞ்சும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டிவிட்டு மேலே தொடாமல் விடுங்கள். காதுக்குள் செருகும் இயர்போன் வேண்டாம், ஒற்றை ஸ்பீக்கரில் மிதமான ஒலியில் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் காது இரைச்சலைத் தானே தள்ளிவைத்துவிடும்.

தட்டையே வைத்திருப்பவர்களுக்கு: பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான ஊசியைப் போடாதீர்கள். அதன் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, 78-க்கு ஏறத்தாழ மூன்று பங்கு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும். இடது வலது இரண்டையும் இணைத்து மோனோவாக்கவும். ஒலி பக்கவாட்டு அசைவில் இருப்பதால், மேலும் கீழுமான குதிப்பு தரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும்.

ஆறாங்கம்பி:
தட்டுக்குப் பாதிப் பழி. மீதி பேட்டனுக்கே. மற்ற பாரமவுண்ட் பாடகர்களும் இதே கல்பொடியில்தான் இருக்கிறார்கள், அவர்களில் பலருடைய சொல் தெளிவாகவே இருக்கிறது.

பேட்டன் சொல்லை முழுதாகச் சொல்வதில்லை. வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு, கிதாரை அதைச் சொல்ல வைப்பார். ‘எ ஸ்பூன்ஃபுல் ப்ளூஸ்’ கேளுங்கள். ‘ஸ்பூன்ஃபுல்’ என்ற சொல் வர வேண்டிய இடத்தில் பல தடவை ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கும் குழாய்) மட்டுமே வழுக்கிக் காட்டும். அங்கே சொல்லைத் தேடினால் கிடைக்காது. இன்னொன்று, நடுவே வேறு குரலில் தனக்குத்தானே பேசிக்கொள்வார். முன்னால் நிற்கும் ஆள் எதிர்க்கேள்வி போடுவதுபோல ஒரு குரல், அதற்குப் பதிலாக இன்னொரு குரல். ஒரே ஆள் பாடுகிறார் என்று நினைத்துக் கேட்டால் வாக்கியம் அறுந்துபோகும்.

சனிக்கிழமை இரவு குடித்து ஆடக் கூடும் ஜூக் கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. ஆடுகிறவர்களின் செருப்புச் சத்தத்துக்கு மேலே போக வேண்டிய குரல் அது. அப்போது சொல் தேய்ந்தாலும் அடி தேயக்கூடாது. அங்கே ஒரே பாட்டு அரைமணி நேரம்கூட ஓடும், தட்டில் மூன்று நிமிடம் சொச்சம்தான். கோர்வையாக ஒரு கதையை எதிர்பார்க்காதீர்கள். நமக்குக் கிடைப்பது அந்த அரைமணியிலிருந்து அள்ளிய ஒரு கை.

வண்டல்:
நெல்லிக்காய், ஊர்ப்பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், வரி தானாகத் திறக்கும். முதலில், இந்த ‘டெல்டா’ ஆற்று முகத்துவாரம் அல்ல. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸு ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான வண்டல் பூமி. தெற்கே விக்ஸ்பர்க் மேட்டில் முடிகிறது.

1927 ஏப்ரல் 21 அன்று கிரீன்வில்லுக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. அந்த ஆண்டின் வெள்ளம் மொத்தமாக 27,000 சதுர மைல் நிலத்தை மூழ்கடித்தது. ‘ஹை வாட்டர்’ பாட்டின் முதல் பகுதியில் சம்னர், லீலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க் என்று பெயர்கள் வரும். வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டால், தண்ணீர் துரத்தத் துரத்த ஒருவன் திசை மாற்றி ஓடுவது தெரியும். இரண்டாம் பகுதி ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவுக்குப் போகிறது. அங்கே பிளைத்வில் என்ற பெயரைக் கவனியுங்கள்.

முதல் பகுதியில் ஒரு வரி முக்கியம். மேட்டு நாட்டுக்குப் போயிருப்பேன், ஆனால் என்னைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்கிறார். வெறும் புலம்பல் இல்லை அது. கிரீன்வில்லில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் கரைமேட்டில் கூடாரத்தில் கிடந்தார்கள். ஏற்றிப்போக நீராவிக் கப்பல் வந்தும் அவர்களை விடவில்லை. போனால் திரும்ப மாட்டார்கள், பருத்திக்கு ஆள் கிடைக்காது என்று பண்ணையார்கள் பயந்தார்கள். துப்பாக்கிக் காவலில் கரை வேலை வாங்கினார்கள், கழுத்தில் அடையாளச் சீட்டு மாட்டினால்தான் நிவாரணச் சாப்பாடு. இதையெல்லாம் 1929-ல் ஒரு கறுப்பினப் பாடகன் விலைக்கு விற்கும் தட்டில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லியிருக்கிறார்.

மறுபக்கம்:
வண்டல் சொன்னது சரி, ஆனால் இந்த இழை வழக்கமான தடத்தில் போய்விடும் போலிருக்கிறது: கஷ்டம், கண்ணீர், அதனால் ப்ளூஸ். பேட்டன் கண்ணீர்விட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தவர் இல்லை. கிதாரை முழங்காலுக்கு நடுவே வைத்தும் தலைக்குப் பின்னால் பிடித்தும் வாசித்துக் கூட்டம் சேர்த்தவர். ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே படத்தில் கோட்டு, கழுத்துப் பட்டி, ஷூ மேல் உறை எல்லாம் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைவிட இளைய ப்ளூஸ் பாடகரான சன் ஹவுஸ் பின்னாளில் அவருடைய கோமாளித்தனத்தைக் குறையாகவே சொன்னார். பாட்டு அவருக்குத் தொழில், தொழிலில் கெட்டிக்காரர். வயலில் இறங்காமல் வாழ்ந்த மிகச் சிலரில் ஒருவர். வெள்ளத்தைப் பாடியதால் கூடாரத்தில் கிடந்தார் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஊர் பேசியதை ஊருக்கே திருப்பிப் பாடுவதும் அந்தத் தொழிலில் அடக்கம்.

வண்டல்:
மறுபக்கம், வயலில் இறங்கவில்லை என்பதில் சண்டை இல்லை. ஏன் இறங்கவில்லை என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

1900-ஐ ஒட்டி அவர் குடும்பம் டாக்கரி பண்ணைக்கு வந்தது. கிளீவ்லண்டுக்கும் ரூல்வில்லுக்கும் நடுவே, 1895-ல் வில் டாக்கரி தொடங்கிய பண்ணை. சொந்தக் கடை, சொந்த நாணயம், வாசல்வரை ரயில். ‘பீ வைன் ப்ளூஸ்’ பாட்டில் வருவது அந்த ரயில்தான். ஹென்றி ஸ்லோன் என்ற மூத்த வாசிப்பாளரிடம் பேட்டன் தொழில் கற்றது இங்கேதான். பின்னாளில் ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் பேட்டனிடம் கற்றதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். டாக்கரி ஒப்பீட்டளவில் நியாயமான பண்ணை என்று பெயர் வாங்கியது. விளைச்சலைப் பங்கிடும் பொதுவான வாரமுறை எப்படி என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன்.

பத்து ஏக்கரில் ஐந்து பேல் (பொதி) பருத்தி, பேல் 500 பவுண்டு. 1929 விலை பவுண்டுக்கு 16 சென்ட் என்று வைத்தால் 400 டாலர். பாதி பண்ணைக்கு, மீதி 200. மார்ச் தொடங்கி ஆறு மாதம் பண்ணைக் கடையில் மாதம் 15 டாலருக்குச் சாமான் வாங்கினால் 90. அதன் மேல் கால்வாசி வட்டி ஏற்றினால் 112 டாலர் 50 சென்ட். வருடக் கடைசியில் கையில் 87 டாலர் 50 சென்ட், மொத்தக் குடும்பத்துக்கும். 1931-ல் பருத்தி ஆறு சென்ட்டுக்கும் கீழே போனது. ஆறே என்று வைத்தாலும் மொத்தம் 150, பாதி 75. கடன் அதே 112 டாலர் 50 சென்ட். உழைத்த ஆள் 37 டாலர் 50 சென்ட் பாக்கிக்காரன். கணக்குப் புத்தகம் பண்ணையாரிடம், கேள்வி கேட்டால் அடி. அடுத்த வருடம் அதே பண்ணையில் இருந்தாக வேண்டும்.

இதில் பூச்சி வேறு. காய்க்கூன்வண்டு மொட்டுக்குள் முட்டையிடும், மொட்டு காயாகுமுன் உதிர்ந்துவிடும். அதைப் பற்றியும் பேட்டன் ஒரு தட்டு போட்டிருக்கிறார். பாரமவுண்ட் அதைப் பெயர் சொல்லாமல் ‘முகமூடி அற்புதன்’ என்று வெளியிட்டு, பாடகர் யார் என்று கண்டுபிடித்தால் ஒரு தட்டு இலவசம் என்று விளம்பரம் செய்தது.

நெல்லிக்காய்:
ஒற்றை ஸ்பீக்கர் யோசனை வேலை செய்கிறது. ரோஸ்டேல், விக்ஸ்பர்க் இரண்டும் கேட்டன. இனி கிதார்.

ஆறாங்கம்பி:
பேட்டன் கிதாரைச் சுருதி கூட்டுவது இரண்டு விதம். ஒன்று சாதாரணச் சுருதி. ‘போனி ப்ளூஸ்’ அதில் ஈ வடிவம், ‘டவுன் த டர்ட் ரோடு ப்ளூஸ்’ சி வடிவம். இன்னொன்று ‘ஸ்பானிஷ்’ என்று அவர்கள் சொன்ன திறந்த ஜி, அதாவது கம்பியை அழுத்தாமலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதி. அந்தப் பெயர் பழைய வரவேற்பறை உருப்படி ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது, ஸ்பெயினோடு வேறு உறவில்லை. ‘பேண்டி ரூஸ்டர்’, ‘ஸ்பூன்ஃபுல்’, ‘ஹை வாட்டர்’ மூன்றும் ஸ்பானிஷ். அங்கே தொடங்குங்கள்.

ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு, ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு, முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்றும் அப்படியே. அடியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. சுருதியின் வீடு ஐந்தாம் கம்பி, ஆறாவது அல்ல. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஆறாவதுக்கே ஓடும், அதைத் திருத்தவே ஒரு வாரம் ஆகும்.

இறக்கும்போது கம்பி ‘டிங்’ என்று குதித்து இறங்கினால் நட்டுப் பள்ளத்தில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் பட்டையில்) சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துவிடுங்கள். எப்போதும் குறிக்குக் கீழே போய், மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் நாலு அடியில் தளர்ந்துவிடும்.

கம்பி 11 செட் (முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு தடிமன்) என்றால் போதாது. ஆறாவது தொங்கும், பலமாக அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே எகிறிப் பிறகு கீழே விழும். பேட்டன் போல அடிக்கிறவனுக்கு 13 செட் வேண்டும். அசல் ஒலி ஜி-க்கு மேலே, ஏ பக்கத்தில் இருக்கிறது. அதற்காக மூன்று கம்பியை ஏற்றி ஏ-யில் கட்டாதீர்கள். 13 செட்டில் அந்த இழுவை பெட்டியின் மெல்லிய மேல்பலகையைத் தூக்கிவிடும். ஜி-யில் கட்டி இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் பிடி) போடுங்கள், அதே சுருதி.

ஸ்லைடு சுண்டுவிரலில். ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரல் அழுத்துவது போல இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே நின்றால் சுருதி குறையும். அழுத்தவே கூடாது, கம்பி கீழே இடித்தால் ‘கடகட’ வரும். ஸ்லைடுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் கம்பிகளை லேசாகத் தொட்டபடி கூடவே நகரட்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பியும் சேர்ந்து முனகும். கம்பி உயரம் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 3 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. 5, 7, 12 இந்த மூன்று நிறுத்தத்தில் பாட்டு முழுக்க அடங்கும்.

‘ஹை வாட்டர்’ ஸ்லைடு இல்லாத பாட்டு. அதில் வலதுகைதான் எல்லாம். கட்டைவிரலை அடிக்கம்பிக்குக் கீழே கொடுத்துத் தூக்கி விடுங்கள், கம்பி விரல்பலகையில் அறைய வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் சுருதி மட்டும் கோணும், அறை விழாது. இதோடு குதிகால் தரையில், இடையில் கையால் பெட்டி மேல் ஒரு தட்டு. குதிகாலை மட்டும் இரண்டு நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டுக் கட்டைவிரலைச் சேருங்கள். குரல் கடைசி.

எங்கே எல்லோரும் விழுகிறார்கள் என்றால், ப்ளூஸின் வழக்கமான தாளச் சுற்றான பன்னிரண்டு பார் எண்ணுவதில். பேட்டனிடம் பார் பன்னிரண்டில் நிற்காது. வரி நீண்டால் ஓர் அடி கூடும், மூச்சு முட்டினால் அரை அடி குறையும். பாட்டின் எடுப்பும் குதிகாலோடு சேர்ந்து வராது, தள்ளித்தான் விழும். மெட்ரோனோமை அணைத்துவிட்டு வரியை வாயால் சொல்லிக்கொண்டு வாசியுங்கள். குதிகால் நிற்காதவரை நீங்கள் தவறவில்லை.

எழுபத்தெட்டு:
ஆறாங்கம்பி, ‘ஏ பக்கத்தில்’ என்றதில் ஒரு திருத்தம். தட்டு எந்த வேகத்தில் வெட்டப்பட்டது என்று உறுதி இல்லாமல் சுருதி சொல்ல முடியாது. 78 என்பது பெயரளவு. 78-ல் வெட்டியதை 82.6-ல் ஓட்டினால் அரை ஸ்வரம் ஏறும், 87.5-ல் ஒரு முழு ஸ்வரம். 1930 கிராஃப்டன் ஒலிப்பதிவு அமர்வில் பாடகி லூயிஸ் ஜான்சனின் பியானோ இருக்கிறது, அதை வைத்து அந்த அமர்வை ஓரளவு நிறுத்தலாம். கிதார் மட்டும் உள்ள பதிவில் பிடிமானம் எதுவும் இல்லை.

ஆறாங்கம்பி:
ஒப்புக்கொள்கிறேன். கேப்போ யோசனை அப்படியே நிற்கும், தட்டோடு சேர்ந்து வாசிக்க எந்த ஃபிரெட் பொருந்துகிறதோ அதில் போடுங்கள். பொருந்தாமல் இடையில் நின்றால் கிதாரைத் தொடாமல் மென்பொருளில் தட்டின் வேகத்தை மாற்றுங்கள்.

தெருமுனை:
நாற்சந்தியில் சாத்தானிடம் கிதார் கற்றது இவர்தானே?

மறுபக்கம்:
இல்லை. அந்தக் கதை முதலில் இன்னொரு ப்ளூஸ் பாடகரான டாமி ஜான்சனுக்கு, பிறகு ராபர்ட் ஜான்சனுக்குச் சொல்லப்பட்டது. பேட்டனுக்கு ஹென்றி ஸ்லோன் இருந்தார்.

சாத்தானைவிட ஷெரீஃப்தான் இவர் பாட்டில் அதிகம். ‘டாம் ரஷன் ப்ளூஸ்’ மெரிகோல்ட் ஊர்க் காவல் பற்றி, ‘ஹை ஷெரீஃப் ப்ளூஸ்’ பெல்சோனி சிறை பற்றி. இரண்டாவது 1934 ஜனவரி கடைசியில் நியூயார்க்கில், பாரமவுண்ட் அல்லாத வேறு நிறுவனத்துக்காகப் பதிவானது. அந்த அமர்வில் மனைவி பெர்த்தா லீயும் பாடினார். கழுத்தில் வெட்டுப்பட்ட பிறகு பாடியது என்று சொல்லப்படும் பதிவுகள் இவை. குரலில் பழைய பாய்ச்சல் இல்லை என்பது காதிலேயே தெரியும். அதே அமர்வின் ‘34 ப்ளூஸ்’ பாட்டில், தன்னை வில் டாக்கரி பண்ணையிலிருந்து விரட்டியதையும் சொல்லிவிடுகிறார்.

1934 ஏப்ரல் 28 அன்று இண்டியனோலா பக்கத்துப் பண்ணை ஒன்றில் இறந்தார். இதய வால்வுக் கோளாறு. பிறந்தது 1891 என்று கொண்டால் வயது 43. புதைத்த இடம் ஹாலி ரிட்ஜ். பல பத்தாண்டுகள் கழித்து ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி செலவில்தான் அங்கே கல் வந்தது.

நெல்லிக்காய்:
இரண்டாம் பகுதியில் பிளைத்வில் கேட்டது. கிதாரில் ஒரு சிக்கல்: கட்டைவிரலால் தூக்கி அறைந்தால் ஐந்தாம் கம்பி அறை விழுந்த பிறகும் ‘ஜ்ர்ர்’ என்று இழுக்கிறது. கேப்போ இரண்டாம் ஃபிரெட்டில்.

ஆறாங்கம்பி:
கேப்போ ஃபிரெட்டிலிருந்து தள்ளிப் போயிருக்கும். இரண்டாம் ஃபிரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் வைத்து இறுக்குங்கள். அப்படியும் இழுத்தால், அறைந்தவுடன் உள்ளங்கை ஓரத்தைப் பாலத்தின் (பெட்டி மேல் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டையின்) மேல் விழ வையுங்கள். அறை மட்டும் நின்று மீதி அணைந்துவிடும். தட்டிலும் அந்த அடி குட்டையாகத்தான் விழுகிறது.